மென்டலிஸ்ட் என்றால் டாக்டரா, மேஜிக்காரரா?

கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஆண்டு விழாவுக்கு வந்த மென்டலிஸ்ட் ஒருவர், கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா மனதுக்குள் நினைத்த பள்ளித் தோழியின் பெயரை மேடையில் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து பாதிக் கம்பெனி அந்த மென்டலிஸ்டின் போன் நம்பரைத் தேடுகிறதாம். மென்டலிஸ்ட் என்றால் யார் என்று இணையத்தில் தேடினால், ஒரு இடத்தில் தத்துவவாதி என்கிறது, ஒரு இடத்தில் உளவியல் கொள்கைக்காரர் என்கிறது, இன்னொரு இடத்தில் வசைச்சொல் என்கிறது. எது சரி என்பது மேலாகக் கேட்ட கேள்வி. உண்மையான கேள்வி கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. கேட்டவருடைய அக்கா மகன், 19 வயது, சில மாதங்களாகக் கல்லூரிக்குப் போகவில்லை, ரூமை விட்டு வெளியே வருவதில்லை. ‘டாக்டர்கிட்டப் போனா ஊரே பேசும், இவருகிட்டக் கூட்டிட்டுப் போனா பையன் மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லிருவாருங்களா?’ என்று அக்கா கேட்கிறாராம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். பையனை அவரிடம் கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் பார்த்தவர் ஒரு மேடைக் கலைஞர். நல்ல கலைஞராகவே இருக்கலாம். ஆனால் அவர் மருத்துவரும் இல்லை, மனத்தைப் படிக்கிறவரும் இல்லை. நான் கோவையில் ஒரு கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சின்ன வயதிலிருந்து மேஜிக்காரர்களோடு பழக்கம் உண்டு, கொஞ்சம் கையும் பழகியிருக்கிறது. மருத்துவன் இல்லை. அதனால் மேடைச் சங்கதியைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன், பையனுக்கு என்ன என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவனை நேரில் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

இணையத்தில் கிடைத்த மற்ற பொருள்கள் எல்லாமே சரிதான். ஒரே பேரில் ஊருக்குள் நாலு பழனிச்சாமி இருப்பது மாதிரி, ஒருவருக்கு ஒருவர் உறவே இல்லை. தத்துவத்தில் மென்டலிஸ்ட் என்றால் மனம்தான் அடிப்படை, வெளியுலகம் அதைச் சார்ந்தது என்று வாதிடுகிறவர். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி பெர்க்லியை இதற்குச் சொல்வார்கள். நமக்கு இது புதிது இல்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், மற்ற மதங்களை மறுக்கிற பரபக்கப் பகுதியில், யோகாசாரன் என்று ஒரு பௌத்தனை நிறுத்தி மறுக்கிறார்களே, அவன் கட்சியும் ஏறக்குறைய இதுதான், எல்லாம் அறிவின் தோற்றமே என்பது.

உளவியலில் வரும் மென்டலிஸ்ட் வேறு ஆள். எங்கள் வகுப்பில் இதை நான் பால் மாட்டை வைத்துத்தான் சொல்வேன். சாயங்காலம் கறக்கிற பாத்திரம் ‘டங்’கென்று சத்தம் கேட்டதும் மாட்டுக்கு மடி சுரக்க ஆரம்பித்துவிடும். சத்தம் கேட்டது, பால் இறங்கியது, பல நாள் பழக்கம் இரண்டையும் சேர்த்துவிட்டது, இதற்கு நடுவே மாட்டின் மனம் என்று ஒன்றைக் கொண்டுவராதே என்பவர் நடத்தைவாதி. இல்லை, மாடு கறவையை எதிர்பார்க்கிறது, அந்த எதிர்பார்ப்பு என்ற மனநிலையைச் சொல்லாமல் விளக்கம் முடியாது என்பவர் மென்டலிஸ்ட். 1913இல் உளவியலாளர் ஜான் வாட்சன் நடத்தைவாதத்தை முன்வைத்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு அமெரிக்காவில் நடத்தைவாதிகள் கை ஓங்கியிருந்தது. அப்போது ‘நீ மென்டலிஸ்ட்’ என்றால் கிட்டத்தட்ட ‘நீ விஞ்ஞானி இல்லை’ என்று அர்த்தம். 1959இல் நடத்தைவாதி ஸ்கின்னரின் மொழி நூலை மொழியியலாளர் சாம்ஸ்கி விமர்சனம் எழுதிக் கிழித்த பிறகு காற்று திசை மாறியது. சாம்ஸ்கி தன் மொழியியலையே மென்டலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார். இந்த ஆட்கள் யாரும் உங்கள் தோழியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

வசைச்சொல் விஷயம் சுருக்கமாக: பிரிட்டனில் 1990களிலிருந்து பைத்தியக்காரன் என்று கேலி பேச இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், நம் ஊரில் ‘மெண்டலா நீ’ என்று கேட்கிற அதே புத்திதான். இதற்கு நேர் எதிராக, மனநோய் வந்தவர்களை இப்படி ஒதுக்கிப் பேசுவதற்கே மென்டலிசம் என்று பேர் வைத்தார் ஜூடி சேம்பர்லின் என்ற அமெரிக்கப் பெண்மணி. தானே மனநல மருத்துவமனையில் இருந்து வந்தவர், 1970களில் நோயாளிகளின் உரிமைக்காகப் போராடியவர். உங்கள் அக்கா ‘ஊர் பேசும்’ என்று பயப்படுகிறாரே, அந்தப் பயத்துக்குக் காரணமானதைத்தான் அந்த அம்மா அப்படிச் சொன்னார்.

மேடை மென்டலிஸ்டுக்கு வருவோம். இன்று நம் பிள்ளைகள் வாயில் இந்தப் பேர் புழங்குவதற்கு 2008இலிருந்து 2015 வரை ஓடிய ‘தி மென்டலிஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒரு பெரிய காரணம். வேடிக்கை என்னவென்றால், அதன் நாயகன் முன்னாள் போலி ஞானதிருஷ்டிக்காரன். அப்படி ஒரு சக்தி யாருக்கும் கிடையாது என்று தொடர் முழுக்க அவனே சொல்லிக்கொண்டிருப்பான். தொழில் அதைவிட ரொம்பப் பழையது. பாரிஸில் 1846இலேயே ரொபேர் ஊதான் என்ற பிரெஞ்சு மேஜிக்காரர் தன் மகனின் கண்ணைக் கட்டி மேடையில் நிறுத்தி, கூட்டத்தில் யாரோ கையில் கொடுத்த பொருள் என்னவென்று சொல்ல வைத்திருக்கிறார்.

இதில் என்னதான் நடக்கிறது? மூன்று சரக்கு கலந்திருக்கிறது என்பது என் கணக்கு. ஒன்று நிஜமான திறமை. இரண்டாவது, கேட்கிற நம்முடைய உதவி. மூன்றாவது, சுத்தமான தந்திரம். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் தந்திரம் இல்லாத மென்டலிஸ்டை நான் கண்டதில்லை.

நிஜத் திறமைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் வெளியே போய்விட வேண்டும். வீட்டில் ஒருவர் ஒரு சாவியை எங்காவது ஒளித்து வைக்கட்டும். பிறகு உள்ளே வந்து அவருடைய மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பேச வேண்டாம், சாவி இருக்கிற இடத்தை மட்டும் நினைத்துக்கொண்டே இருங்கள்’ என்று சொல்லிவிட்டு மெதுவாக நடங்கள். தப்பான திசையில் போனால் அந்தக் கை இம்மி அளவு கனக்கும், சரியான திசையில் திரும்பினால் லேசாக விட்டுக்கொடுக்கும். அலமாரியில் மேல் தட்டா கீழ்த் தட்டா என்பது வரைக்கும் கை சொல்லிவிடும். முதல் தடவை வராது, பழகினால் வரும். கை கொடுத்தவர் சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை என்பார், அது பொய் இல்லை, அவருக்கே தெரியாது. அமெரிக்காவில் வாஷிங்டன் இர்விங் பிஷப் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை வைத்தே ஊர் ஊராகப் பேர் வாங்கினார்கள். நினைப்பு தசையில் கசிகிற இந்த விஷயத்தை வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852இலேயே எழுதி வைத்துவிட்டார்.

நம் பக்கத்தில் இதே சங்கதியைத் தோட்டம் தோட்டமாகப் பார்க்கலாம். போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க ஆள் கூட்டி வருவோம் இல்லையா? உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மண்ணில் நடப்பார், ஒரு இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். சிலர் வேப்பங்கவையைப் பிடித்து நடப்பார்கள், அது கீழே இழுக்கும். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் மனதார நம்பித்தான் நடக்கிறார்கள். தேங்காயை எழுப்புவது அவர் கைதான், கைக்குச் சேதி சொல்வது அவருடைய நினைப்பு. புல் பச்சையாக இருக்கிற இடம், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வந்த திசை என்று எத்தனையோ கண் பார்த்து வைத்திருக்கும். கட்டுப்பாடு வைத்துச் சோதித்த இடங்களில் இந்த முறை குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பும்படியாகத் தாண்டியதில்லை. நம் பாறை பூமியில் வெடிப்பு இருக்கிற இடத்தில்தான் தண்ணீர், ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாவது சரக்கு, நாம் கொடுக்கிற உதவி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், குறி கேட்கப் போகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஈரோடு, காங்கயம், கோபி பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் என் முன்னால் உட்கார்ந்தால், அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் நான் இப்படி ஆரம்பிப்பேன்: ‘தண்ணி விசயமா பூமியில கொஞ்சம் பணம் போட்டு, நெனச்ச அளவுக்கு வரலைங்க. பங்காளி வகையில ஒரு மனத்தாங்கல் இருக்குது, தடமோ வரப்போ சம்பந்தப்பட்டது. வெளிய பாக்கறவிங்களுக்கு நீங்க கெட்டியான ஆளு, உள்ளுக்குள்ள ரோசனை பண்ணிப் பண்ணித் தூக்கம் போகுது. குலதெய்வத்துக்கு ஒரு காரியம் செய்யறேன்னு சொல்லிப்போட்டு இன்னும் செய்யாம இருக்குது.’ இதில் ஒன்று கூடப் பொருந்தாத குடும்பத்தை இந்த வட்டாரத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். போர் போடாத தோட்டம் ஏது, வண்டித்தடத் தகராறு இல்லாத பங்காளி ஏது? கேட்பவர் இந்த நாலில் பொருந்துகிற இரண்டைப் பிடித்துக்கொண்டு, ‘ஆமாங்க, போன வருசம் தெக்கால காட்டுல’ என்று தானாகவே பேச ஆரம்பிப்பார். அந்த ஒரு வரியில் எனக்கு அடுத்த நாலு வரி கிடைத்துவிடும். பொருந்தாத இரண்டையும் அவர் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார். பிறகு பக்கத்து வீட்டில், ‘நான் வாயே தொறக்கலை, புட்டுப் புட்டு வெச்சாரு’ என்பார்.

இதை அமெரிக்காவில் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் வகுப்பறையில் சோதித்துப் பார்த்தார். 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு குணக்குறிப்பைக் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பல வருடம் என் மாணவர்களிடமும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், எண்ணைக் குறித்து வைக்கவில்லை, ஆனால் தாளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் பார்க்கச் சொன்னதும் எழுகிற சிரிப்பு ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரிதான்.

சரி, கணக்குப் பிரிவு அம்மாவின் தோழி பெயர்? ஒரு குறிப்பிட்ட பெயரை, அதுவும் எழுத்துப் பிசகாமல், முகத்தைப் பார்த்தோ கையைப் பிடித்தோ யாராலும் எடுக்க முடியாது. இதை உறுதியாகச் சொல்கிறேன். அங்கே மூன்றாவது சரக்கு வேலை செய்திருக்கிறது. நான் அந்த விழாவைப் பார்க்கவில்லை, அதனால் அவர் எந்த வழியைக் கையாண்டார் என்று சொல்ல முடியாது. வழி ஒன்றல்ல, பல உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன், தொழில்காரர்கள் என்னைக் கோபிக்க வேண்டாம், உங்கள் புத்தகங்களிலேயே அச்சில் இருப்பதுதான். நிகழ்ச்சிக்கு முன்னால், டீ குடிக்கிற நேரத்தில், உதவியாளர் ஒருவர் நாலைந்து பேரிடம் போய், ‘மேடையில் பதற்றத்தில் மாற்றிவிடுவீர்கள், இந்தச் சீட்டில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார். எழுதியதை அவர் ரகசியமாகத் தெரிந்துகொண்டுவிடுவார், அந்த நொடியிலேயே சேதி மேடைக்காரருக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து மேடையில், ‘இந்தப் பெயரை நீங்கள் என்னிடம் சொன்னீர்களா?’ என்று அவர் கேட்பார். ‘இல்லை’ என்பார் இவர். அது சத்தியம். கூட்டத்துக்குச் சீட்டுக் கதை தெரியாது, எழுதினவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. அந்த அம்மாவிடம் தனியாக, விழாவுக்கு முன்னால் எங்காவது எதையாவது எழுதினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னாலும் அதிசயம் என்று முடிவு கட்ட வேண்டாம், வேறு வழி என்று அர்த்தம்.

என் அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது, மேஜிக் நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய நாளில் இவர்கள் ‘அம்மன் அருள், ஞானதிருஷ்டி’ என்றார்கள். இப்போது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, ‘உடல்மொழி, ஆழ்மனம், என்.எல்.பி. (பேச்சால் மனதை மாற்றலாம் என்று சொல்லும் ஒரு பயிற்சி முறை), உளவியல்’ என்கிறார்கள். ‘எனக்கு அபூர்வ சக்தி எதுவும் கிடையாது, உங்கள் கண் அசைவை வைத்துச் சொல்கிறேன்’ என்று ஒருவர் பணிவாகச் சொன்னால் நாம் அதை வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அதுவும் வேடத்தில் ஒரு பகுதிதான். சீட்டு மறைந்த இடத்திலிருந்து உங்கள் பார்வையைத் திருப்ப அந்த உளவியல் பேச்சு உதவுகிறது. படித்தவர்கள் சாமியை நம்ப யோசிப்பார்கள், உளவியல் என்றால் உடனே நம்புவார்கள். கம்பெனியில் பாதிப் பேர் நம்பர் கேட்டதற்கும், அக்காவுக்குப் பையன் நினைவு வந்ததற்கும் அந்தப் பேச்சுத்தான் காரணம். மேடையில் சொன்னதை எல்லாம் உளவியலின் கணக்கில் எழுதாதீர்கள்.

மேடையோடு நின்றால் குற்றமில்லை. தாண்டினால்தான் வம்பு. சில வருடங்களுக்கு முன்னால் நம் பக்கத்திலும் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று பலகை வைத்து, குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும், நிறம் சொல்லும் என்று ஆயிரக்கணக்கில் வசூலித்தார்கள். மிட்பிரெயின் என்கிற நடுமூளை கண் அசைவையும், சத்தத்துக்குத் திரும்புவதையும் பார்த்துக்கொள்ளும் பகுதி, பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, அதை யாரும் புதிதாகத் திறந்துவிட வேண்டியதில்லை. அந்தக் குழந்தைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். புத்தகத்தை மார்புக்குக் கீழே பிடித்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்திருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் துணிக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும், அது வழியாகக் கீழே தெரியும். நீங்கள் கட்டிப் பார்த்தாலும் தெரியும். அதே புத்தகத்தை நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், அல்லது தாடைக்குக் கீழே ஒரு அட்டையைத் தடுப்பாக வையுங்கள், படிப்பு அதோடு நின்றுவிடும். கஷ்டம் என்னவென்றால், எட்டு வயதுக் குழந்தைக்குத் தான் எட்டிப் பார்ப்பது தெரியும். அப்பா அம்மா சந்தோஷத்துக்காக அது பொய்யைப் பழகுகிறது. இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் போய் உடைத்துக் காட்டிய பி. பிரேமானந்த் நம் போத்தனூரில்தான் வாழ்ந்தார். ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ பத்திரிகையை நடத்தியவர், 2009இல் மறைந்தார். எந்த அற்புதத்தையும் தானே மேடையில் செய்து காட்டிவிட்டு, எப்படிச் செய்தேன் என்று சொல்லிக் கொடுப்பது அவர் வழக்கம்.

இனி பையன் விஷயம். மென்டலிஸ்ட் ஒருவர் அவன் முன்னால் உட்கார்ந்து, ‘உனக்குள் சொல்ல முடியாத ஒரு பாரம் இருக்கிறது, வீட்டில் உன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை’ என்றால் அவன் அழுதுவிடலாம். அக்கா அசந்து போவார். மேலே சொன்ன நாலு வரி மாதிரிதான் அதுவும், எந்த 19 வயதுப் பையனுக்கும் பொருந்தும். அழுகைக்குப் பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது, பயிற்சியும் கிடையாது. அதற்குள் நாள் போய்விடும். மாதக்கணக்கில் வெளியே வராமல் இருப்பதற்கு மனச்சோர்வு முதல் போன், படிப்புத் தோல்வி வரை பல காரணம் இருக்கலாம். காரணத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்றால் பேசியும் சோதித்தும் சிகிச்சை தருபவர், ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண் கேட்பதில் தப்பே இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 2022இல் தொடங்கிய, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு அக்காவே முதலில் பேசட்டும். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஊர் பேசும் என்ற பயத்துக்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க மருத்துவர் கடமைப்பட்டவர். பையன் சாவைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கிழித்துக்கொண்டாலோ, சாப்பாடு தண்ணீரை விட்டாலோ, போனில் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வியின் ஓரத்தில், அடுத்த மாதம் வீட்டில் நடக்கிற சீருக்கு அதே மென்டலிஸ்டைக் கூப்பிடலாமா என்றும் ஒரு வரி இருந்தது. தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆர்க்கெஸ்ட்ரா சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை. பேசி முடிக்கும்போது இரண்டு நிபந்தனை மட்டும் சொல்லிவிடுங்கள். கல்யாணம், குழந்தை, இறந்தவர்கள், உடம்பு இந்த நாலையும் மேடையில் தொடக்கூடாது. விழாவுக்கு வந்த யாரிடமும் தனி ‘கவுன்சிலிங்’ அட்டை கொடுக்கக்கூடாது. நல்ல தொழில்காரர் இரண்டுக்கும் மறு பேச்சு இல்லாமல் ஒத்துக்கொள்வார்.